கடலோடிகளின் கொடுக்கல் வாங்கல்

ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலை முழுதாக வாசித்தவர்களைக் காட்டிலும் பாதியில் மூடிவைத்தவர்களே மிகுதி என்று இலக்கிய நண்பர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. திமிங்கில வேட்டையின் நுணுக்கங்களை அத்தியாயம் அத்தியாயமாக விவரித்துச் செல்லும் பகுதிகளில்தான் பலரும் கரையேறிவிடுகிறார்கள். அப்படிக் கரையேறாமல் 44ஆம் அத்தியாயம் வரை சென்றவர்கள் அங்கு வரும் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். இரவில் தன் அறையில் தனித்திருக்கும் கேப்டன் ஆஹாப் பழைய கடல் வரைபடங்களை மேசைமேல் விரித்துப் போட்டு, முந்தைய பயணங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். எந்தப் பருவத்தில், எந்தக் கடற்பரப்பில், எந்தக் கப்பல் திமிங்கிலத்தைக் கண்டது என்பதை அறிவதே அவன் நோக்கம்.

பரந்த கடலில் ஒரே ஒரு திமிங்கிலத்தை இப்படிக் கணக்கிட்டுத் தேட முடியுமா என்ற ஐயம் வாசகனுக்கு எழும் என்பதை மெல்வில் அறிந்திருந்தார். எனவே அவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். வாஷிங்டன் வான் ஆய்வகத்தைச் சேர்ந்த லெஃப்டினன்ட் மோரி என்பவர் 1851 ஏப்ரல் 16 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று தன் கூற்றை உறுதி செய்கிறது என்று அதில் சொல்கிறார். புனைகதையின் அடியில் ஓர் அரசாங்க அதிகாரியின் பெயர் வந்து நிற்பது விசித்திரம்தான். யார் இந்த மோரி? ஆஹாப் தனியாகச் செய்த வேலையை இவர் யாரைக் கொண்டு செய்தார்? ஒரு கடலோடி மற்றொரு கடலோடியிடம் எதை எதிர்பார்க்கிறான்? கடைசிக் கேள்விக்கு விடை தேடும்போது முதலிரண்டுக்கும் விடை கிடைத்துவிடுகிறது என்பது நம் எண்ணம்.

*

முதலில் அந்தப் பதிவேட்டைப் பற்றி. ஆங்கிலத்தில் அதற்கு 'லாக்' என்று பெயர். லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய ஒரு மரத்துண்டைப் பின்புறமாகக் கடலில் எறிவார்கள். கயிற்றில் ஒரே இடைவெளியில் முடிச்சுகள் இடப்பட்டிருக்கும். மணற்கடிகாரத்தின் மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவிட்டு ஓடின என்று எண்ணுவார்கள். இன்றும் கப்பலின் வேகத்தை 'நாட்' என்ற அளவில், அதாவது முடிச்சுக் கணக்கில், சொல்வது இதனால்தான். அந்த மரக்கட்டையின் கணக்கை எழுதிவைத்த புத்தகமே லாக் புத்தகம் ஆயிற்று. நாளடைவில் வேகத்தோடு திசையும், காற்றும், நீரோட்டமும், அட்சரேகை தீர்க்கரேகைகளும், பாய் கிழிந்ததும், ஆள் இறந்ததும் அதில் ஏறின.

இந்தப் புத்தகத்தில் அழகுணர்ச்சிக்கு இடமில்லை. வடகிழக்குக் காற்று, மிதமானது, வானம் மூட்டம் என்பதுபோலச் சொற்கள் வறண்டு கிடக்கும். ஆனால் அதே தடத்தில் அடுத்த மாதம் போகவிருப்பவனுக்கு அந்த ஒரு வரி ஒரு காவியத்தைவிட மதிப்பு மிக்கது. ஏனெனில் அதை எழுதியவன் அங்கே இருந்தான். எழுதிய அன்று அந்தக் காற்று அவன் முகத்தில் அடித்தது.

இவ்வளவு மதிப்புள்ள ஒன்றை அதிகாரமும் வணிகமும் பூட்டி வைத்ததில் வியப்பில்லை. 1503இல் ஸ்பெயினின் செவில் நகரில் 'காசா தெ கொன்த்ரத்தாசியோன்' என்ற வணிக இல்லம் நிறுவப்பட்டது. 1508 முதல் அங்கே ஒரு மூல வரைபடம் பேணப்பட்டது. பயணம் முடித்து வரும் வழிகாட்டிகள் தாம் புதிதாகக் கண்டதை அங்கே தெரிவிக்க வேண்டும். அதற்கேற்ப மூல வரைபடம் திருத்தப்படும். அமெரிகோ வெஸ்புச்சிதான் அங்கே முதல் தலைமை வழிகாட்டி. பலரின் அனுபவத்தை ஓரிடத்தில் திரட்டுவது என்ற எண்ணம் அப்போதே முழுமையாக இருந்தது. ஆனால் திரண்டது அரசின் சொத்து. அயலார் கண்ணுக்குக் காட்டக்கூடாத ஒன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் கப்பல்களுக்குக் கையால் வரைந்த வரைபடங்களைக் கொடுத்துப் பயணம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்தப் பூட்டுகளுக்கு வெளியே நின்று தவித்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி. 1786 மே மாதத்தில் அவர் முதன்மைத் துணை அதிகாரியாக இருந்த 'அட்லஸ்' என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலின் நடுவே டியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்த வரைபடம் பிழையானது. பிழைத்துக் கரையேறிய அந்த இளைஞர் அதன்பின் தம் ஒவ்வொரு பயணத்திலும் கண்டதையெல்லாம் குறிக்கத் தொடங்கினார். பிறருடைய பதிவேடுகளையும் தேடித் தேடிப் படித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரட்டியது 1809ஆம் ஆண்டிலும் 1811ஆம் ஆண்டிலும் கிழக்கிந்தியக் கடல்வழிகளுக்கான கையேடாக இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. இடையில், 1810இல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீரியல் வரைவாளராகவும் அவர் அமர்த்தப்பட்டார். கீழைக் கடல்களில் போன ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் தலைமுறைகளாக அந்தக் கையேட்டைச் சார்ந்திருந்தார்கள். அவர் 1836இல் இறந்தார். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 1851இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் ஹார்ஸ்பர்க் செய்தது ஒரு தனிமனிதரின் உழைப்பு. நூறு பேரிடம் வாங்கி ஒருவர் எழுதிய நூல் அது. எழுதுபவனும் வாசிப்பவனும் ஒருவனேயாகிற, வாங்குபவன் கொடுத்தே ஆகவேண்டிய ஓர் ஏற்பாட்டை உருவாக்கியவர் மோரிதான்.

*

மேத்யூ ஃபான்டெயின் மோரி 1806இல் வர்ஜீனியாவில் பிறந்து, கடலே இல்லாத டென்னஸியில் வளர்ந்தவர். 1825இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1831இல் 'ஃபால்மவுத்' என்ற போர்க்கப்பலின் வழிநடத்தும் அதிகாரியாக, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக் செல்லப் பணிக்கப்பட்டார். புறப்படுமுன் அந்த வழியின் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி எழுதப்பட்ட ஏதாவது கிடைக்குமா என்று நியூயார்க்கில் தேடினார். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனையோ கப்பல்கள் கடந்த முனை அது. கடந்தவர்கள் ஒவ்வொருவரும் அறிந்ததைத் தம் மண்டையிலோ தம் பெட்டியிலோ வைத்திருந்தார்கள். அடுத்தவன் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த மோரி செய்த முதல் காரியம், ஹார்ன் முனையைக் கடப்பது பற்றித் தாம் அறிந்ததை ஒரு கட்டுரையாக எழுதி 1834இல் வெளியிட்டது.

1839இல் ஒஹையோவில் அவர் பயணம் செய்த குதிரை வண்டி கவிழ்ந்தது. கால் முறிந்தது. சரியாகக் கூடாத அந்தக் காலோடு கப்பலேற முடியாது என்றானது. முப்பத்து மூன்று வயதில் ஒரு மாலுமியின் கடல் வாழ்வு முடிந்தது. படுத்திருந்த காலத்தில் அவர் 'ஹாரி பிளஃப்' என்ற புனைபெயரில் கடற்படையின் சீர்கேடுகளைத் தாக்கிக் கட்டுரைகள் எழுதினார். அவை வெளிவந்த இதழ் 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்'. சில ஆண்டுகளுக்கு முன்புவரை எட்கர் ஆலன் போ பணியாற்றிய இலக்கிய இதழ்தான் அது.

1842இல் வாஷிங்டனில் கடற்படையின் வரைபட, கருவிக் கிடங்குக்கு மோரி பொறுப்பாளரானார். கப்பலேற முடியாதவருக்குக் கொடுத்த மேசை வேலை. அங்கே அவர் கண்டது மலைபோல் குவிந்து கிடந்த பழைய பதிவேடுகளை. பயணம் முடிந்த கப்பல்கள் விதிப்படி ஒப்படைத்துவிட்டுப் போனவை. குப்பை என்றே கருதப்பட்ட அந்தக் குவியலை மோரி பிரிக்கத் தொடங்கினார். கடல் முழுவதையும் ஐந்து ஐந்து பாகையாகக் கட்டங்கள் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மாதமும் காற்று எத்திசையிலிருந்து எத்தனை முறை வீசியதாகக் கப்பல்கள் சொல்கின்றன, எத்தனை முறை அசைவற்றுக் கிடந்தது என்று எண்ணி நிரப்பச் செய்தார். இன்னொரு வகை வரைபடத்தில் ஒவ்வொரு கப்பலின் தடமும் அதன் பெயரோடும் ஆண்டோடும் வரையப்பட்டது. காற்றின் திசையும் வலிமையும் சிறு குறிகளாகவும், பருவங்கள் வண்ணங்களாகவும் குறிக்கப்பட்டன. இரண்டாம் வகை வரைபடத்தை நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். அதைப் பார்க்கும் மாலுமிக்கு யாரோ ஓர் அறிஞர் கட்டளையிடுவதுபோல் தோன்றாது. இன்ன ஆண்டு, இன்ன கப்பல், இவ்வழி போனது, இதைக் கண்டது என்று தன்னைப் போன்ற ஒருவனே அருகில் நின்று சொல்வதுபோல் இருக்கும்.

வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடம் 1847இல் வெளிவந்தது. அதற்கு விலை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. வரைபடம் பெறும் கப்பல் தலைவர், மோரி கொடுக்கும் படிவத்தில் தம் பயணத்தின் சுருக்கப் பதிவேட்டை நிரப்பித் திருப்பி அனுப்பவேண்டும். அன்றாட நிலை, நீரோட்டம், காற்றழுத்தம், காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், காற்றின் திசை ஆகியவை அதில் இருக்கவேண்டும். குறித்த இடங்களில் நாளும் இடமும் எழுதிய தாளைப் புட்டியில் அடைத்துக் கடலில் விடவேண்டும். வழியில் அத்தகைய புட்டியைக் கண்டால் எடுத்து, கண்ட இடத்தைத் தெரிவிக்கவேண்டும்.

தொடக்கத்தில் வணிகக் கப்பல் தலைவர்கள் இதைச் சட்டை செய்யவில்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவனுக்குக் கரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்ன சொல்லித்தர முடியும் என்ற எண்ணம் இயல்புதான். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரே ஒரு பயணம்.

அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு மாவு போகும்; அங்கிருந்து காப்பி வரும். பிரேசிலின் வடகிழக்கு மூலையில் கடலுக்குள் துருத்தி நிற்பது சாவோ ரோக் முனை. மேற்கே ஒதுங்கிப் போனால் நீரோட்டம் கப்பலை அந்த முனைக்கு வடக்கே இழுத்துச் சென்றுவிடும், பிறகு மீளமுடியாது என்பது மாலுமிகளின் பரம்பரை அச்சம். எனவே எல்லோரும் முதலில் கிழக்கே, ஆப்பிரிக்கா பக்கமாக, நெடுந்தொலைவு போய், பிறகு தெற்கே இறங்குவார்கள். நிலநடுக்கோட்டருகே காற்று செத்துக் கிடக்கும் பட்டை ஒன்று உண்டு. அது கிழக்கே அகலமாகவும் மேற்கே குறுகலாகவும் இருக்கும். அஞ்சி ஒதுங்கியவர்கள் அதன் மிக அகலமான பகுதியில் போய் மாட்டிக்கொண்டார்கள். பதிவேடுகளை எண்ணிப் பார்த்த மோரி, நீரோட்டம் அவ்வளவு கொடியதல்ல, துணிந்து மேற்கிலேயே நேராக இறங்கலாம் என்று எழுதினார்.

1848 பிப்ரவரியில் 'டபிள்யூ. எச். டி. சி. ரைட்' என்ற கப்பலின் தலைவர் ஜாக்சன் என்பவர் அதை நம்பிப் புறப்பட்டார். வழக்கமாக ஏறத்தாழ 55 நாட்கள் பிடிக்கும் பயணம் 38 நாட்களில் முடிந்தது. திரும்பி வர 37 நாட்கள். இதற்குப் பின்புதான் படிவங்கள் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் பதிவேடு அனுப்பத் தொடங்கின.

ஜாக்சன் செய்ததை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். அவருக்குக் கிடைத்தது மோரியின் புத்திசாலித்தனம் மட்டுமல்ல. அவருக்கு முன் அந்த நீரில் தவறியும் தப்பியும் போன பல மாலுமிகளின் அன்றாட வரிகள் அவருக்குக் கிடைத்தன. காற்றால் விரட்டப்பட்டு மேற்கே ஒதுங்கியவர்களும், கணக்குப் பிசகி ஒதுங்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். தம் பிசகை மறைத்து எழுதியிருந்தால் நீரோட்டத்தின் உண்மையும் மறைந்தே போயிருக்கும். கடலோடி கடலோடியிடம் கேட்பது இதைத்தான் என்று தோன்றுகிறது. வெற்றிக் கதையைக் காட்டிலும் அவனுக்குப் பயன்படுவது, போன இடமும் பிசகிய இடமும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்பட்ட சாட்சி.

*

1849இல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போவது பெரும் போட்டியாயிற்று. சராசரிக் கப்பல்கள் ஆறு மாதம் எடுத்துக்கொண்ட வழி அது. 1851இல் 'ஃபிளையிங் கிளவுட்' என்ற விரைவுக் கப்பல் அதை 89 நாட்கள் 21 மணி நேரத்தில் கடந்தது. தலைவர் ஜோசையா கிரீசி. ஆனால் வழி கணித்தவர் அவர் மனைவி எலினர் கிரீசி. மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊரில் கப்பல்காரத் தந்தையிடம் கணிதம் கற்று வளர்ந்த அவர், மோரியின் வரைபடங்களையும் பயணக் குறிப்புகளையும் கொண்டே அந்தத் தடத்தை வகுத்தார். பெண்ணுக்குக் கப்பற்பணி எதுவும் சட்டப்படி இல்லாத காலத்தில், பலர் எழுதிய பதிவேடுகளைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் அன்றைய சாதனையை நிகழ்த்தினார்.

அதே ஆண்டில்தான் திமிங்கில வரைபடமும் வந்தது. வேட்டைக்காரர்கள் தங்கள் வேட்டைக் களங்களைக் கமுக்கமாக வைத்திருக்கும் இயல்பினர். அவர்களிடமிருந்தும் பதிவேடுகளைப் பெற்றார் மோரி. எந்தக் கட்டத்தில், எந்த மாதம், எத்தனை நாள் தேடினார்கள், எத்தனை நாள் கண்டார்கள் என்பது எண்ணாயிற்று. மெல்வில்லின் அடிக்குறிப்பு சுட்டுவது இந்த முயற்சியைத்தான். 1841இல் தாமே திமிங்கிலக் கப்பலில் ஏறியவர் மெல்வில். தம் ஆஹாப் வெறியால் செய்ததை வாஷிங்டனில் ஓர் அலுவலகம் நிதானமாகச் செய்துகொண்டிருப்பதை அறிந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி அந்தக் குறிப்பில் தெரிகிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஆஹாப் வாங்கினான், கொடுக்கவில்லை. எதிர்ப்படும் கப்பல்களிடம் வெள்ளைத் திமிங்கிலத்தைக் கண்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவன் அவன். தொலைந்த மகனைத் தேட உதவுமாறு 'ரேச்சல்' கப்பலின் தலைவர் மன்றாடும்போதும் அவன் நிற்கவில்லை.

*

ஜாக்சன் ரியோவுக்குப் போய்த் திரும்பிய அதே 1848இல், கல்கத்தாவில் இதே வேலையை வேறொரு நோக்கில் செய்துகொண்டிருந்த மற்றொருவரின் நூல் வெளிவந்தது. அவர் ஹென்றி பிடிங்டன். முன்னாள் வணிகக் கப்பல் தலைவர். கல்கத்தாவில் கப்பல் விபத்து விசாரணை மன்றத்துக்குத் தலைமை வகித்தவர். மோரி வழக்கமான காற்றைத் தேடினார் என்றால், பிடிங்டன் தேடியது கொலைகாரக் காற்றை.

வங்கக் கடலில் ஒரு புயல் அடித்து ஓய்ந்ததும், அதில் சிக்கித் தப்பிய கப்பல்களின் பதிவேடுகளை அவர் கேட்டு வாங்குவார். ஒரே மணி நேரத்தில் வெவ்வேறு கப்பல்கள் வெவ்வேறு திசையில் காற்றைக் குறித்திருக்கும். அவற்றை ஒரே தாளில் வைத்தால் சுழலும் வட்டம் ஒன்று புலப்படும். 1839 நவம்பரில் கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்காவை அழித்த புயலையும், 1841 மே மாதம் சென்னையைத் தாக்கிய புயலையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் அருகே புயலில் சிக்கிய 'சார்லஸ் ஹெடில்' என்ற சிறு கப்பலின் பதிவேடு அவருக்குப் பெருஞ்சான்றாயிற்று. காற்றின் போக்கிலேயே ஓடிய அக்கப்பல் ஐந்து நாட்கள் புயலின் நடுவைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரைப் பிடிங்டன் உருவாக்கி 1848 நூலில் முன்வைத்தார். இன்று நம் வானொலியும் நாளிதழும் புழங்கும் அந்தச் சொல் வங்கக் கடலோரத்தில் பிறந்தது.

மாலுமிக்கு அவர் கொடுத்தது சொல்லை மட்டுமல்ல. நூலோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு வைத்தார். வட பாதிக்கு ஒன்று, தென் பாதிக்கு ஒன்று. புயலின் காற்றுச் சுழி அவற்றில் வரையப்பட்டிருக்கும். வரைபடத்தின் மேல் தகட்டை வைத்து, தனக்கு வீசும் காற்றின் திசையோடு பொருத்தினால் புயலின் நடு எங்கே என்று தெரியும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்றை நோக்கி நின்றால் நடு ஏறத்தாழ வலக்கைப் பக்கம். இதை அறிந்தவன் விலகி ஓடலாம். அறியாதவன் விரைந்து அதற்குள்ளேயே போவான். அன்று சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் கிடந்தன. புயல் அறிகுறி தெரிந்தால் கரையிலிருந்து கொடி ஏறும். நங்கூரத்தை அறுத்துவிட்டேனும் ஆழ்கடலுக்கு ஓடவேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கேள்வி.

பிடிங்டனின் அறிவைக் கடலோடிகள் ஏற்றார்கள், அலுவலகம் ஏற்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, புயலலை ஒருநாள் அதை வாரிச் செல்லும் என்று 1853இல் தலைமை ஆளுநருக்கு மடல் எழுதினார். துறைமுகம் கட்டப்பட்டது, கேனிங் என்று பெயரும் பெற்றது. பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867இல் புயலலை வந்தது. அதன்பின் அந்தத் துறைமுகம் கைவிடப்பட்டது.

*

1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பேராளர்கள் கூடினார்கள். எல்லாக் கப்பல்களும் ஒரே வகைப் படிவத்தில் கடலைக் குறிப்பது என்று இணங்கினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் இதற்கென ஒரு துறையை நிறுவியது. அதன் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், முன்பு டார்வினை 'பீகிள்' கப்பலில் ஏற்றிச் சென்றவர். 1859இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், அவர் 1861இல் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் குறிகளை ஏற்றத் தொடங்கினார். தவறிப்போன கணிப்புகளுக்காக ஏளனம் மிகுந்தது. 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் அடிப்படை போதாது என்று கூறி 1866 இறுதியில் எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். துறைமுகங்களிலிருந்து எழுந்த எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அவற்றை மீண்டும் ஏற்றவேண்டி வந்தது. சில முறை பொய்க்கும் எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மேல் என்பதைக் கடலுக்குப் போகிறவர்கள் அறிந்திருந்தார்கள்.

மோரியின் கதைக்கு மங்கலமான முடிவில்லை. 1855இல் அவர் வெளியிட்ட 'கடலின் பௌதிகப் புவியியல்' நூல் புகழ்பெற்றது. ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. ஆனால் அந்நூலின் கோட்பாடுகள் பல பிழையானவை. வடதுருவத்தில் உறையாத திறந்த கடல் உண்டென்று நம்பியவர் அவர். அமெரிக்கத் தெற்கின் அடிமை உடைமையாளர்கள் தம் அடிமைகளோடு அமேசான் பள்ளத்தாக்கில் குடியேற வேண்டுமென்றும் வாதாடியவர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பதவியை உதறி, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குக் கூட்டமைப்பில் சேர்ந்தார். கப்பல்களுக்குப் பாதுகாப்பான வழி தேடியவர், கப்பல்களைத் தகர்க்க நீரடியில் மின்விசை வெடிகளை வைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1873இல் இறந்தார். ரிச்மண்ட் நகரில் நின்ற அவர் சிலை 2020இல் அகற்றப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வுக் கப்பலுக்கு 2023இல், கடலடித் தரையை வரைந்த மேரி தார்ப் என்ற பெண்ணின் பெயர் சூட்டப்பட்டது.

இதை நாம் மறைத்துவிட்டு மோரியைப் புகழ்வது நேர்மையாகாது. அந்தப் பதிவேடுகளில் இல்லாதவர்களையும் நாம் நினைக்கவேண்டும். பதிவேடு எழுதியவர்கள் தலைவரும் துணை அதிகாரிகளும். இந்தியப் பெருங்கடலின் கப்பல்களில் பாய் கட்டிய லஸ்கர்கள், அவர்களை நடத்திய சாரங்குகள், சுக்கான் பிடித்தவர்கள் ஆகியோர் கண்டது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. சென்னைக் கரையில் அலை பார்த்துக் கட்டுமரம் தள்ளியவர்களுக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் கைரேகைபோல் தெரிந்திருந்தன. தகப்பன் மகனுக்குச் சொன்னது தவிர அதற்குப் பதிவேடில்லை. கொடுக்கல் வாங்கல் என்று நாம் தலைப்பிட்டாலும், எழுதத் தெரிந்தவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலே அது.

ஆயினும் எழுதப்பட்டது வீண்போகவில்லை. மோரி சேர்த்த பதிவேடுகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணினியில் ஏற்றப்பட்டு, உலகக் கடல்களின் பழைய வானிலைத் தரவுகளோடு சேர்ந்தன. கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று கணக்கிடுபவர்கள் அன்றைய மாலுமியிடம்தான் கேட்கிறார்கள். அவன் வாளியைக் கடலில் விட்டு நீர் மொண்டு, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதினான். மரவாளியில் நீர் அவ்வளவாகக் குளிராது. துணிவாளியில் ஆவியாகிச் சீக்கிரம் குளிரும். எனவே ஆய்வாளர்கள் ஒவ்வோர் எண்ணையும் திருத்தவேண்டியிருக்கிறது. காற்றையும், அழுத்தத்தையும், தன் பிசகையும்கூட ஒளிக்காமல் எழுதிய அந்த மனிதன், தன் கையில் இருந்தது எந்த வாளி என்று பெரும்பாலும் எழுதவில்லை. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து ஒருவன் அதைக் கேட்பான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?